சென்னையிலிருந்து டொராண்டோ: தூரம் எவ்வளவு, உண்மையில் எத்தனை மணி நேரம்?

அம்மாவுக்கு டிக்கெட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய அரை மணி நேரத்தில் கும்பகோணத்திலிருந்து போன் வந்தது. "ஏன்டா, செவ்வாய்க்கிழமை காலையில அஞ்சரைக்கு மெட்ராஸ்ல ஏறினா, அன்னைக்கே சாயங்காலம் அஞ்சரைக்கு டொராண்டோவுல இறங்கிடலாம்னு போட்டிருக்கே. பன்னெண்டு மணி நேரம்தானா? ரொம்ப தூரம்னு பயந்துகிட்டு இருந்தேன்."

அந்தக் குரலில் இருந்த நிம்மதியைக் கலைக்க மனசே வரவில்லை. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பயணம் 12 மணி நேரமல்ல, இருபத்தொன்றரை மணி நேரம். அதையே வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்குப் பார்த்தால் ஒன்றரை நாளுக்கும் மேல். டிக்கெட்டில் இருப்பது பொய்யில்லை. அதை எப்படிப் படிப்பது என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை, அவ்வளவுதான்.

முதல் தடவை கனடாவுக்கு வரும் அப்பா அம்மாக்களுக்காகவும், அவர்களுக்கு டிக்கெட் எடுக்கும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். சென்னை–டொராண்டோ என்று ஒரே ஒரு பாதையை எடுத்துக்கொள்கிறேன். கணக்கு போடும் முறை பிடிபட்டுவிட்டால் வேறு எந்த ஊருக்கும் அதே முறைதான்.

முதலில் தூரம்: ஒரு உருண்டையும் கொஞ்சம் நாரும்

சென்னை விமான நிலையத்துக்கும் டொராண்டோ பியர்சன் விமான நிலையத்துக்கும் இடையே, பூமியின் மேல் அளக்கக்கூடிய மிகக் குறைந்த தூரம் ஏறத்தாழ 13,400 கிலோமீட்டர். மைலில் சொன்னால் 8,300 சொச்சம். இணையத்தில் தேடும்போது ஓரிடத்தில் 13,000 என்றும் இன்னோரிடத்தில் 8,000 என்றும் இன்னுமோரிடத்தில் 7,200 என்றும் வந்தால் குழம்ப வேண்டாம். முதலாவது கிலோமீட்டர், அடுத்தது மைல், கடைசியில் இருப்பது விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு மைல் என்பது 1.609 கி.மீ., ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

கொழும்பிலிருந்து கிளம்புவோருக்கு இதே தூரம் கிட்டத்தட்ட 14,000 கி.மீ. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் கடிகாரம் ஒன்றேதான் என்பதால், கீழே வரும் நேரக் கணக்கு அப்படியே பொருந்தும்.

சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தைப் பார்த்தால், சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேர் கோடு அரபிக் கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கே போவதாகத் தோன்றும். நிஜத்தில் குறுக்குவழி வடக்கே இருக்கிறது. இதை அம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு உதவியது, வீட்டில் என் மருமகன் விளையாடும் பூமி உருண்டை. போனில் வீடியோவைப் போட்டுவிட்டு, பூக்கட்டும் வாழைநாரில் ஒரு துண்டை நனைத்து எடுத்துவரச் சொன்னேன். ஒரு முனையைச் சென்னை மேல் வைத்து விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை டொராண்டோ வரை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். நார் தளர்ந்திருந்தபோது அரேபியா பக்கம் வளைந்து கிடந்தது. இறுக்கினதும் வழுக்கிக்கொண்டு மேலே ஏறி, ராஜஸ்தான், பாகிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யாவின் யூரல் மலைப் பக்கம் என்று போய், நார்வேயின் வட முனையை ஒட்டி, கிரீன்லாந்தின் மேலாக கனடாவுக்குள் இறங்கியது. "இது வடதுருவத்துக்குல்ல போகுது!" என்றாள் அம்மா. துருவத்துக்கே போகவில்லை, ஆனால் 73 பாகை வட அட்சம் வரைக்கும் ஏறுகிறது.

உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டை என்றால் அதன் சுற்றளவு 94 செ.மீ. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. ஆக, நாரில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ 425 கி.மீ. சென்னை–டொராண்டோ நார் முப்பத்தொன்றரை சென்டிமீட்டர் வரும்.

அடுத்து: எந்த ஊர் வழியாகப் போவது?

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானம் இல்லை. விமானத்தால் முடியாது என்பதால் அல்ல. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கி.மீ.க்கு மேல் எங்கும் நிற்காமல் பறக்கிறார்கள், 18 மணி நேரத்துக்கும் கூடுதலாக. தினமும் அவ்வளவு இருக்கையும் நிரம்புமா, வழியில் எந்த நாட்டு வானம் திறந்திருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்து நிறுவனங்கள் எடுக்கும் முடிவு அது. நமக்கு எப்படியும் ஓரிடத்திலாவது மாறி ஏற வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலோர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். "துபாய் வழி சுற்று, லண்டன் வழி நேர்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அளந்து பார்ப்போம்.

துபாய் வழி: சென்னை–துபாய் 2,930 கி.மீ., துபாய்–டொராண்டோ 11,080 கி.மீ. மொத்தம் 14,010.
லண்டன் வழி: 8,230 + 5,710. மொத்தம் 13,940.
பிராங்க்ஃபர்ட் வழி: 7,590 + 6,340. மொத்தம் 13,930.
டெல்லி வழி: 1,760 + 11,640. மொத்தம் 13,400.

துபாய்க்கும் லண்டனுக்கும் உள்ள வித்தியாசம் 70 கி.மீ.! விமானத்துக்கு அது ஐந்து நிமிடம். தூரத்தைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பதில் எந்த லாபமும் இல்லை. பயணத்தை நீட்டுவதும் குறைப்பதும் நடுவில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான். டிக்கெட் தேடும்போது என் கண் முதலில் போவது விலைக்கு, உடனே அடுத்தது காத்திருப்பு நேரத்துக்கு. வரைபடத்தை அப்புறம் ஆசைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

டெல்லி வழி தூரத்தைப் பாருங்கள், குறுக்குவழிக்குச் சமமாக இருக்கிறது. டெல்லி அந்த நாரின் பக்கத்திலேயே இருப்பதால் அப்படி. ஆனால் வானத்திலும் எல்லைகள் உண்டு. 2022 பிப்ரவரி முடிவில் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யா தன் வானத்தைக் கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய விமானங்களுக்கு அடைத்தது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்கு அடைத்தது. அதனால் ஒரே பாதையில் வெவ்வேறு நாட்டு நிறுவனங்கள் வெவ்வேறு சுற்றில் பறக்க வேண்டியதாகிவிட்டது. அதே 2025 ஜூனில் வளைகுடாவில் சில மணி நேரம் வான்வழியே மூடப்பட்டது. ஆகவே, பழைய கட்டுரையில் போட்டிருக்கும் பறக்கும் நேரத்தை நம்பாமல், நீங்கள் எடுக்கப்போகும் தேதிக்கு அந்த நிறுவனம் காட்டும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாளும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பறக்கும் நேரத்தை மனக்கணக்காகப் போடுவது

பெரிய ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்கு 900 கி.மீ. வாக்கில் போகின்றன. ஏறவும் இறங்கவும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவும் நேரம் ஆகும். அதனால் நான் கையாளும் கணக்கு இது: தூரத்தை 850 ஆல் வகுத்து, வரும் விடையோடு முக்கால் மணி நேரத்தைக் கூட்டு.

சென்னை–துபாய்: 2,930 ஐ 850 ஆல் வகுத்தால் மூன்றரை வருகிறது, முக்கால் கூட்டினால் நாலேகால் மணி. துபாய்–டொராண்டோ: பதின்மூன்றும் முக்காலும், பதினான்குக்குக் கொஞ்சம் குறைவு. அட்டவணையில் இருப்பதும் ஏறக்குறைய இதேதான். காற்றும் பாதையும் அன்றன்றைக்கு மாறும் என்பதால் அரை மணி முன்னே பின்னே இருக்கும்.

டிக்கெட்டில் உள்ள மணியைப் படிப்பது

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். அம்மா குழம்பியதும் இங்கேதான், படித்த என் நண்பர்கள் பலரும் குழம்புவதும் இங்கேதான்.

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரப்படி இருக்கும். சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி இருக்கும். இரண்டு வேறு கடிகாரங்களைக் கழித்தால் விடை தப்பாகத்தான் வரும். எனவே இரண்டையும் ஒரே கடிகாரத்துக்கு மாற்ற வேண்டும்.

டொராண்டோ நம்மைவிடப் பின்தங்கி இருக்கிறது. கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம். ஏன் இரண்டு கணக்கு என்றால், கனடாவில் பெரும்பாலான இடங்களில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். நவம்பர் முதல் ஞாயிறு மறுபடி பின்னே இழுப்பார்கள். நாம் கடிகாரத்தைத் தொடுவதில்லை, அதனால் நமக்கும் அவர்களுக்கும் உள்ள இடைவெளி மாறிக்கொண்டே இருக்கிறது.

அம்மா வந்தது ஜூனில். கோடைக் கணக்கு. டொராண்டோவில் செவ்வாய் மாலை 5.30 என்றால் ஒன்பதரை மணி நேரத்தைக் கூட்டுங்கள்: இந்தியாவில் புதன் விடிகாலை 3.00. இப்போது இரண்டும் நம் கடிகாரம்தான். செவ்வாய் காலை 5.30 முதல் புதன் விடிகாலை 3.00 வரை எண்ணினால் 21 மணி 30 நிமிடம்.

அதை உடைத்துப் பார்த்தால் சென்னையிலிருந்து துபாய்க்கு 4.15, அங்கே காத்திருப்பு 3.15, துபாயிலிருந்து டொராண்டோவுக்கு 14.00. சரியாக வந்துவிட்டது. ஜனவரியில் இதே பயணம் என்றால் டொராண்டோவில் இறங்கும்போது மணி மாலை 4.30 காட்டும். பறந்த நேரம் குறையவில்லை, அந்த ஊர்க் கடிகாரம்தான் மாறியிருக்கிறது.

துபாயில் நடுவில் இறங்கும்போது கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். கைக்கடிகாரத்தை மாற்றாமல் விட்டவர்கள் அடுத்த விமானத்துக்கு இன்னும் நேரமிருக்கிறதா இல்லையா என்று தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அம்மாவிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று: "கைக்கடிகாரத்தைப் பார்க்காதேம்மா. போர்டிங் பாஸில் இருக்கிற நேரத்தையும், ஏர்போர்ட் சுவரில் இருக்கிற கடிகாரத்தையும் மட்டும் பாரு."

காத்திருப்பு எவ்வளவு இருந்தால் நல்லது?

வயதானவர்களுக்கு இரண்டரை மணி நேரத்துக்குக் குறையவும் கூடாது, நாலரைக்கு மேல் போகவும் கூடாது. இது என் அனுபவத்தில் வந்த அளவு. ஒன்றரை மணி நேரம் என்றால் முதல் விமானம் முக்கால் மணி தாமதமானாலே ஓட வேண்டியிருக்கும். எட்டு மணி நேரம் என்றால் காலை தொங்கப்போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தே வீங்கிப்போகும். விலை ஐயாயிரம் ரூபாய் குறைகிறது என்று பன்னிரண்டு மணி நேரக் காத்திருப்பை அப்பா அம்மாவுக்கு எடுத்துவிடாதீர்கள்.

இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். அப்படி எடுத்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும், வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் பெரும்பாலும் நேராக டொராண்டோவுக்கே வந்துவிடும். சென்னையில் பெட்டியில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊராக டொராண்டோவின் குறி, அதாவது ஒய்.ஒய்.இஸட். என்று இருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனி டிக்கெட் எடுத்தால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

டெல்லி வழியாகத் திரும்பி வருகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பொதுவாக இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிகிரேஷன், கஸ்டம்ஸ் முடித்து, பெட்டியை எடுத்து மறுபடியும் உள்நாட்டு விமானத்துக்குப் போட வேண்டியிருக்கும். அதற்கு மூன்று மணி நேரமாவது வேண்டும்.

ஐரோப்பா வழியாகப் போவதானால் டிக்கெட் எடுக்கும் முன்பே டிரான்சிட் விசா தேவையா என்று அந்த நாட்டின் அரசுத் தளத்தில் பார்த்துவிடுங்கள். கனடா விசா வைத்திருப்பவர்களுக்குச் சில இடங்களில் விலக்கு உண்டு, ஆனால் இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. தெரிந்தவர் போன வருடம் போனார் என்பதை நம்பி எடுக்க வேண்டாம்.

அப்புறம், வீல்சேர். கேட்கக் கூச்சப்படாதீர்கள். நடக்க முடிகிறவர்களே என்றாலும், தெரியாத ஏர்போர்ட்டில் இரண்டு கிலோமீட்டர் நடந்து, ஆங்கிலப் பலகை பார்த்து, வாசல் எண் கண்டுபிடிப்பது முதல் தடவை வருகிறவருக்குச் சுலபமில்லை. டிக்கெட் எடுக்கும்போதே, அல்லது கிளம்ப இரண்டு நாளைக்கு முன்பாவது சொல்லிவைத்தால் இலவசமாகவே ஏற்பாடு செய்வார்கள். அம்மா முதலில் "எனக்கென்ன காலா ஒடிஞ்சிருக்கு?" என்றாள். துபாயில் இறங்கிய பிறகு, "அந்தப் பையன் இல்லைன்னா நான் அங்கேயே நின்னிருப்பேன்" என்று சொன்னாள்.

வாசலிலிருந்து வாசல் வரை

டிக்கெட்டில் உள்ள இருபத்தொன்றரை மணி நேரம் ஏர்போர்ட்டிலிருந்து ஏர்போர்ட் வரைதான். அம்மா கும்பகோணத்தில் காரில் ஏறியது திங்கள் பிற்பகல் 3 மணிக்கு. சென்னை போய் அத்தை வீட்டில் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்துவிட்டு, நள்ளிரவுக்கு மேல் இரண்டரை மணிக்கு ஏர்போர்ட். சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும். டொராண்டோவில் இறங்கி, இமிகிரேஷன் முடித்து, பெட்டி எடுத்து வெளியே வர ஒன்றே முக்கால் மணி ஆனது. பியர்சன் ஏர்போர்ட் இருப்பது நகரத்துக்கு மேற்கே, மிசிசாகாவில். நம்மவர்கள் அதிகம் வசிக்கும் ஸ்கார்பரோவோ நகரத்தின் கிழக்குக் கோடி. மாலை நெரிசலில் 401 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். வீட்டுக்குள் கால் வைத்தபோது இங்கே செவ்வாய் இரவு எட்டரை, ஊரில் புதன் காலை ஆறு. மொத்தம் 39 மணி நேரம்.

இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. மாத்திரை, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் அந்த 39 மணி நேரத்துக்குத்தான் திட்டமிட வேண்டும், டிக்கெட்டில் இருக்கும் நேரத்துக்கு அல்ல. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்த மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது என்று கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினைப் பெட்டியில் போட்டுவிடாமல் கைப்பையிலேயே வையுங்கள், டாக்டர் சீட்டோடு. ஊறுகாய், நெய் போன்றவை கைப்பையில் வந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். அவை பெரிய பெட்டிக்குப் போகட்டும். கொண்டுவரும் தின்பண்டங்களை கனடாவில் கேட்கும்போது மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பதினான்கு மணி நேரம் உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தம் தேங்கும். மணிக்கு ஒருமுறை எழுந்து நடைபாதையில் நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். ஓர இருக்கை எடுத்துக் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவரை எழுப்பத் தயங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

வந்த பிறகு முதல் ஒரு வாரம் நடுராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வருவது இயல்பு. அம்மா அந்த நேரத்தில் எழுந்து சத்தம் வராமல் அடுக்களையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருப்பாள். பகலில் வெயிலில் நடக்க வைத்தால் சீக்கிரம் சரியாகும்.

திரும்பும்போது தேதியைக் கவனியுங்கள்

போகும்போது நாள் மிச்சமாகிறது மாதிரி தெரியும், திரும்பும்போது ஒரு நாள் காணாமல் போகும். அம்மா கிளம்பியது வெள்ளி இரவு 9 மணிக்கு. சென்னையில் இறங்கியது ஞாயிறு விடிகாலை 3 மணிக்கு. டிக்கெட்டைப் பார்த்தால் 30 மணி நேரம். ஒன்பதரையைக் கழித்தால் இருபதரை. போனதைவிட ஒரு மணி நேரம் குறைவு. பூமியின் இந்தப் பகுதியில் ஒன்பது, பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று ஓடுகிறது. கிழக்கே போகும் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும், மேற்கே போவதை எதிர்க்கும். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் நாளில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பயணிகள் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது, இந்தக் காற்றின் புண்ணியத்தில்.

"ஞாயித்துக்கிழமை மூணு மணி" என்று மாமாவிடம் போனில் சொன்னேன். மாமா ஞாயிறு பகல் மூன்று மணி என்று எடுத்துக்கொண்டார். அம்மா விடிகாலை நாலு மணிக்கு வெளியே வந்து, இரண்டு பெட்டியோடு ஒரு தூணோரம் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் போனை வாங்கி என்னை அழைத்தாள். தப்பு என்னுடையது. இனிமேல் யாருக்குச் சொன்னாலும் இப்படிச் சொல்கிறேன்: "சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க மாமா. ராத்திரி விடியறதுக்குள்ள, மூணு மணிக்கு வந்து இறங்குவாங்க."

கூடவே ஒரு சீட்டும் எழுதிவிடுகிறேன். அஞ்சலட்டை அளவு அட்டை, பெரிய எழுத்து. இடது பக்கம் இந்திய நேரம், வலது பக்கம் அந்தந்த ஊர் நேரம். நடுவில் நாலே நாலு வரி: எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, எங்கே மறுபடி ஏறுவது, எங்கே இறங்கினால் யார் வருவார்கள். அடியில் இரண்டு போன் நம்பர். முதல் அட்டை அம்மாவின் கைப்பையில் பாஸ்போர்ட்டோடு இருக்கும், இரண்டாவது மாமா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில்.